ஆட்டூரில் மூன்று இரவு: ஸ்கிப்டனையும் அக்கம்பக்கத்தையும் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகிறார்கள். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, யார்க், ஏரி மாவட்டம், எடின்பரோ. யார்க்கிலிருந்து ஏரிகளுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர் வரும். டீ குடிக்க இறங்குவார்கள். கோட்டை வாசலில் நின்று படம் எடுப்பார்கள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். அந்த ஊர்தான் ஸ்கிப்டன். லீட்ஸில் இருந்த ஐந்து வருடங்களில் அங்கே எத்தனை முறை போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. முதல் இரண்டு முறை நானும் அந்த அரை மணி நேரத் தப்பைத்தான் செய்தேன்.

ஸ்கிப்டன் வழியில் பார்க்கிற ஊர் இல்லை, தங்கிப் பார்க்கிற ஊர். மூன்று இரவு தங்கினால், கார் இல்லாமலே ஒரு கோட்டை, ஒரு பாழடைந்த மடாலயம், ஊரையே விழுங்குகிற மாதிரி நிற்கும் ஒரு சுண்ணாம்புப் பாறை, 24 வளைவுள்ள ஒரு ரயில் பாலம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால் எதை எந்தக் கிழமையில் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். இங்கே பஸ்ஸும் சந்தையும் மழையும்தான் பயணத் திட்டம் போடுகின்றன, நாம் இல்லை.

பெயர்க் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். 'ஸ்கிப்' என்பது பழைய ஆங்கிலத்தில் ஆடு. 'டன்' என்றால் ஊர். ஆக, ஆட்டூர். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. தொள்ளாயிரம் வருடம் ஆகியும் ஊரைச் சுற்றி எந்த மேட்டில் ஏறினாலும் ஆடுகள்தான்.

முதல் வேலை: கிழமையைத் தேர்ந்தெடுப்பது

சந்தை திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நான்கு நாட்கள் கூடும். செவ்வாயும் வியாழனும் போனால் அழகான, ஆனால் சாதாரணமான ஒரு கடைத்தெருவைப் பார்ப்பீர்கள். அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

நான் சொல்லும் கணக்கு இது. வெள்ளி காலை வந்து சேருங்கள். அன்றைக்கு சந்தை, கோட்டை, கால்வாய். சனிக்கிழமை, அந்தச் சுண்ணாம்புப் பாறை இருக்கும் மாலாம் கிராமம். ஞாயிறு நீராவி ரயிலில் போல்டன் ஆபி, அதுதான் அந்தப் பாழடைந்த மடாலயம். திங்கள் ரிப்பிள்ஹெட் பாலம், அல்லது ஊர் திரும்பும் வழியில் சால்ட்டேர் என்ற பழைய ஆலை ஊர். சனியும் ஞாயிறும் மழை முன்னறிவிப்பைப் பார்த்து இடம் மாறலாம். மாலாமுக்குத்தான் காய்ந்த நாள் வேண்டும், மடாலயத்துக்கு மழையும் பொருந்தும். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அந்தக் கிழமையில் பஸ்ஸும் நீராவி ரயிலும் ஓடுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

மாதம் என்று கேட்டால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை. ஆட்டுக்குட்டிகள் வயலில் துள்ளும். கோட்டைக்குப் பின்னால் உள்ள காட்டில் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்து, மழை பெய்த மறுநாள் காடே ரசம் கொதிக்கிற வீடு மாதிரி மணக்கும். ஆகஸ்டில் மேட்டு நிலம் முழுக்க ஹெதர் செடி ஊதாப் பூ விரிக்கும், ஆனால் கூட்டமும் அப்போதுதான். ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். குளிர்காலத்தில் வருகிறவர்கள் மாலாமை மறந்துவிட்டு கோட்டை, அருங்காட்சியகம், ரயில் என்று வைத்துக்கொள்வது நல்லது.

போய்ச் சேர்வது

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸுக்கு சுமார் இரண்டேகால் மணி நேரம். லீட்ஸில் இறங்கி ஏர்டேல் தடத்து ரயில் பிடித்தால் இன்னும் 40, 45 நிமிடத்தில் ஸ்கிப்டன். மான்செஸ்டர் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களும் ரயிலில் லீட்ஸ் வந்து இதே வண்டியைப் பிடிக்கலாம். லண்டன் டிக்கெட்டைப் பல வாரம் முன்பே வாங்குங்கள். அன்றைக்கே வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். லீட்ஸ்–ஸ்கிப்டன் டிக்கெட்டை முன்கூட்டி வாங்க அவசியமில்லை, அது டவுன் பஸ் மாதிரி அடிக்கடி ஓடுகிறது.

வரும்போது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ரயிலும், ஏர் என்ற ஆறும், லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயும் ஒரே பள்ளத்தாக்கில் சடைப்பின்னல் மாதிரி போகும். இந்த ஆற்றை இரண்டாம் நாள் அதன் ஊற்றிலேயே போய்ப் பார்க்கப்போகிறீர்கள்.

ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு பத்து நிமிட நடை. தங்குமிடத்தை அந்த நடைத் தூரத்துக்குள் பிடியுங்கள். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் மலிவாக அறை கிடைக்கும். காரில்லாமல் அங்கே மாட்டிக்கொண்டால் மிச்சம் பிடித்த பணம் டாக்ஸிக்குப் போய்விடும். கோடை வார இறுதிக்கும் வங்கி விடுமுறை நாட்களுக்கும் இரண்டு மூன்று மாதம் முன்பே அறை போட வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். பஸ் டிரைவரோ கடைக்காரம்மாவோ உங்களை 'லவ்' என்று கூப்பிட்டால் பதறாதீர்கள். கொங்கு நாட்டில் முன்பின் தெரியாதவரையும் 'கண்ணு' என்பார்களே, அதுதான். மீசை வைத்த டிரைவர் மீசை வைத்த என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். 'நவ் தென்' என்று யாராவது சொன்னால் அது வணக்கம். 'சரி, இப்போது என்ன' என்று அர்த்தம் செய்துகொண்டு பதில் தேடாதீர்கள்.

வெள்ளி காலை: சந்தை

1204இல் ஜான் மன்னர் இந்த ஊருக்குச் சந்தை நடத்தும் உரிமைப் பட்டயம் கொடுத்தார். அந்தக் காலத்தில் நினைத்த இடத்தில் சந்தை போட முடியாது. அரசனின் அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்த ஊர் சுற்றுவட்டாரத்துக்கே தலைமை ஊராகிவிடும். இப்போதும் கடைகள் தனி மைதானத்தில் இல்லை. ஹை ஸ்ட்ரீட்டின் இரண்டு ஓரமும் கருங்கல் பாவிய சரிவில், கடைகளின் வாசலுக்கு எதிரே, துணிக்கூரைப் பந்தலாக நீளும். மேல் முனையில் தேவாலயமும் கோட்டை வாசலும். தெருவின் அமைப்பே அதிகாரம் எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிடும்.

பத்து மணிக்கு முன் போங்கள். சீஸ், காய்கறி, கம்பளித் தொப்பி, நாய் பிஸ்கட், பழைய புத்தகம், மழைக்கோட்டு எல்லாம் இருக்கும். கலைப்பொருள் கண்காட்சி என்று நினைத்து வராதீர்கள். உள்ளூர் ஆள் வீட்டுக்குத் திரைச்சீலைத் துணி வாங்குகிற சந்தை இது, எனக்குப் பிடித்ததும் அதனால்தான். பேரம் பேசுகிற வழக்கம் கிடையாது. ஆனால் சாயங்காலம் மூட்டை கட்டும் நேரத்தில் பழக்கடைக்காரர் அவராகவே விலையைக் குறைத்துக் கூவுவார். கோயம்பேட்டுக்காரர்களுக்கு அந்தக் குரல் பழக்கமானது.

தெருவின் பக்கவாட்டில் ஆள் நுழையும் அகலத்தில் சந்துகள் இருக்கும். வடக்கே இதற்கு 'ஜின்னல்' என்று பெயர். கண்ணில் பட்ட ஜின்னல் ஒவ்வொன்றிலும் நுழையுங்கள். ஒன்று முற்றத்தில் முடியும், ஒன்று கால்வாய்ப் பக்கம் இறங்கும்.

கோட்டை: இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்

1090 வாக்கில் ராபர்ட் டி ரோமில் என்ற நார்மன் பிரபு ஸ்காட்லாந்துக்காரர்களைத் தடுக்க இங்கே கோட்டை கட்டினார். 1310இல் கிளிஃபர்டு குடும்பத்திடம் வந்தது. முதல் கிளிஃபர்டு நான்கே வருடத்தில், 1314இல், ஸ்காட்லாந்துக்காரர்களோடு நடந்த பானக்பர்ன் போரில் செத்துப்போனார். அதற்குப் பிறகும் அந்தக் குடும்பம் போர் என்றால் முன்னால் நிற்கிற குடும்பமாகவே இருந்தது.

உள்ளே நுழையும்முன் வாசல் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். கல்லில் குடைந்த பெரிய எழுத்தில் வானத்தை நோக்கி ஒரு சொல் நிற்கும்: 'தெசொர்மே'. பிரெஞ்சுச் சொல், கிளிஃபர்டுகளின் குறிச்சொல். 'இனிமேல்' என்று அர்த்தம். இனிமேல் என்ன என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நம்மூர் அம்மாக்கள் சொல்கிற 'இனிமேல்…' மாதிரி, மிச்சத்தை எதிராளியே புரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் கோட்டை என்றால் பாதி இடிந்து புல் முளைத்துக் கிடப்பதுதான் வழக்கம். ஸ்கிப்டன் கோட்டைக்கு முழுக் கூரை உண்டு. சமையலறை, விருந்துக்கூடம், படுக்கை அறை, நிலவறை எல்லாவற்றிலும் நடந்து போகலாம். இடிய வேண்டிய கோட்டை எப்படி நின்றது என்பதற்குப் பின்னால் இரண்டு பேர் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் வெறும் கல்லாகத் தெரியாது.

முதல் ஆள் ஓர் ஆட்டிடையர். அரியணைக்காக இரண்டு அரச குலங்கள் மோதிக்கொண்ட ரோஜாப் போர்களில், 1461இல், ஜான் கிளிஃபர்டு கொல்லப்பட்டார். அவர் பக்கம் தோற்ற பக்கம். எதிரிகள் பிள்ளையையும் விடமாட்டார்கள் என்று பயந்து தாய் அந்தச் சின்னப் பையன் ஹென்றியை மலைப்பக்கத்து இடையர்களிடம் ஒளித்து வளர்க்கச் சொன்னார் என்பது காலம் காலமாகச் சொல்லப்படும் கதை. 1485இல் ஆட்சி மாறிய பிறகு, முப்பது வயதைத் தாண்டியபோது, ஆடு மேய்த்த கையோடு வந்து பிரபுப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். 'இடையப் பிரபு' என்றே அவருக்குப் பெயர். கோட்டைக்கு நடுவே இருக்கும் அழகான கான்டுயிட் முற்றம் அவர் காலத்து வேலை. அறுபதை நெருங்கும் வயதில், 1513இல், ஃப்ளாடன் போருக்கும் போய்விட்டு வந்தார்.

இரண்டாமவர் லேடி ஆன் கிளிஃபர்டு. 1590இல் இதே கோட்டையில் பிறந்தார். 1605இல் அப்பா இறந்தபோது வயது 15; ஒரே வாரிசு. ஆனால் அப்பா சொத்தைத் தன் தம்பிக்கு எழுதி வைத்திருந்தார். பெண் பிள்ளைக்கும் இந்தச் சொத்து சேரும் என்பது இரண்டாம் எட்வர்டு காலத்துப் பழைய ஏற்பாடு என்று ஆன் வழக்காடினார். சித்தப்பாவும் கணவரும் ஒத்துப்போகச் சொன்னார்கள். 1617இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரே தீர்ப்புச் சொல்லியும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கடைசியில் சித்தப்பா மகன் ஆண் வாரிசில்லாமல் இறந்தபோதுதான், 1643இல், சொத்து கைக்கு வந்தது. 38 வருடம்!

அதற்குள் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவே உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. வடக்கே மன்னர் கட்சியின் கடைசிக் கோட்டையாக ஸ்கிப்டன் மூன்று வருடம் முற்றுகையைத் தாங்கி 1645 டிசம்பரில்தான் பணிந்தது. பீரங்கிக் குண்டின் வேகத்தை அடக்க ஆட்டுத்தோலை மதிலின் மேல் தொங்கவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆட்டூர் ஆயிற்றே, நம்பலாம் போலத்தான் இருக்கிறது. ஜெயித்தவர்கள் கூரையைப் பிடுங்கி, மதிலை இடித்தார்கள். இடிந்த வீட்டுக்குத்தான் லேடி ஆன் உரிமைக்காரியாக வந்து சேர்ந்தார். பீரங்கியைத் தாங்கும் பலம் கூரைக்கு இருக்கக்கூடாது என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டு, திரும்பக் கட்டினார். வேலை முடிந்ததன் அடையாளமாக 1659இல் கான்டுயிட் முற்றத்தில் ஒரு யூ மரம் நட்டார். அந்த மரம் இன்றும் முற்றத்தை அடைத்து நிற்கிறது. அதன் கீழே இருக்கும் இருக்கையில் பத்து நிமிடமாவது உட்காருங்கள். கோட்டையில் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

வெளியே வந்ததும் பக்கத்திலேயே ஹோலி டிரினிட்டி தேவாலயம். சொத்தைத் தராமல் போன அதே அப்பாவுக்கு மகள் எழுப்பிய கல்லறை அங்கே, குலச் சின்னங்கள் சுற்றிலும் பொறித்து நிற்கிறது. கோபம் இருந்ததா, பாசம் இருந்ததா, அல்லது நான்தான் வாரிசு என்று கல்லில் எழுதிக்காட்டினாரா? மூன்றும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மதியத்துக்கு மேல்: கால்வாயும் காடும்

லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய் 127 மைல். 1770இல் தோண்டத் தொடங்கி 1816இல்தான் முடித்தார்கள். ஸ்கிப்டன்–பிங்லி துண்டு 1773இலேயே திறந்துவிட்டது, காரணம் இந்தப் பக்கம் தரை மட்டமானது. பிங்லியிலிருந்து ஸ்கிப்டனைத் தாண்டி கார்கிரேவ் வரை 17 மைலுக்குப் படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவே தேவைப்படவில்லை. கம்பளியும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் போன வழியில் இப்போது வண்ணம் பூசிய நீளப் படகுகள் போகின்றன. அரை மணி நேரப் படகுச் சவாரி கிடைக்கும். குழந்தைகள் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் கரையில் நடப்பதே மேல்.

நடக்க வேண்டியது ஸ்பிரிங்ஸ் கிளை. பெரிய கால்வாயிலிருந்து பிரிந்து கோட்டைக்கு அடியில் நுழையும் குறுகிய வாய்க்கால். குவாரியிலிருந்து வரும் சுண்ணாம்புக்கல்லை மேலிருந்து சரித்துப் படகில் கொட்டுவதற்காக வெட்டினார்கள். வாசல் பக்கம் கம்பீரமாகத் தெரிந்த கோட்டை, இங்கிருந்து பார்த்தால் செங்குத்துப் பாறை மேல் உட்கார்ந்து பயமுறுத்தும். இந்தப் பக்கமாக ஏன் யாரும் தாக்கவில்லை என்று உடனே புரியும். அப்படியே தொடர்ந்தால் ஸ்கிப்டன் காடு. ஒரு சுற்று சுற்றிவர ஒரு மணி நேரம், கட்டணம் இல்லை.

கால்வாய்த் துறைக்குப் பக்கத்தில் பந்து வீசிக்கொண்டிருக்கும் ஒரு வெண்கல ஆளைப் பார்ப்பீர்கள். ஃப்ரெட் ட்ரூமன். டெஸ்டில் 300 விக்கெட்டைத் தொட்ட முதல் ஆள், 1964இல். நம்மவர்களுக்கு அவரிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 1952இல் லீட்ஸ் ஹெடிங்லியில் அவருடைய முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா ரன் எதுவும் எடுக்காமலே நான்கு விக்கெட் இழந்தது. அதில் மூன்று இவருடையது. கடைசிக் காலத்தில் ஸ்கிப்டன் அருகில்தான் வாழ்ந்தார். பழைய கிரிக்கெட் பைத்தியங்கள் படம் எடுத்துக்கொள்ளலாம். என் மாமா சிலையை முறைத்துப் பார்த்தார்.

மழை வந்தால் டவுன் ஹாலில் உள்ள கிரேவன் அருங்காட்சியகத்துக்கு ஓடுங்கள். நுழைவு இலவசம். ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்தில் 1623இல் அச்சான ஷேக்ஸ்பியரின் முதல் தொகுப்புப் பிரதி ஒன்று கண்ணாடிக்குள் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள்.

சாப்பாடு: முக்கியமாகச் சைவர்களுக்கு

மீனும் சிப்ஸும் யார்க்‌ஷயரில் நன்றாக இருக்கும். காரணம் பல கடைகளில் எண்ணெய் இல்லை, 'ட்ரிப்பிங்' என்ற மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். மீன் வேண்டாம், சிப்ஸ் மட்டும் போதும் என்று நினைக்கிற சைவர்கள் கவனம், கேட்டுவிட்டு வாங்குங்கள். யார்க்‌ஷயர் புட்டிங்கிலும் இதே சங்கதி. அது இனிப்பும் இல்லை, குழம்பு ஊற்றிச் சாப்பிடும் பொங்கிய மாவுக் கிண்ணம்.

இந்த ஊரில் பேர் போனது போர்க் பை. குளிராகவோ, காலையில் அடுப்பிலிருந்து வந்த சூட்டிலோ சாப்பிடுவார்கள். சாப்பிடாதவர்களுக்கு சீஸ்–வெங்காயப் பை எல்லா பேக்கரியிலும் இருக்கும். இனிப்பில் கர்டு டார்ட்டை விடாதீர்கள். திரிந்த பாலில், உலர்திராட்சையும் ஜாதிக்காயும் போட்டு, நம்முடைய திரட்டுப்பாலுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். பழக் கேக்கோடு வென்ஸ்லிடேல் சீஸை வைத்துத் தின்னும் பழக்கம் முதலில் விசித்திரமாகத் தெரியும். இரண்டாவது துண்டில் சரியாகிவிடும். இந்திய உணவகங்களும் உண்டு, ஆனால் இட்லி தேடாதீர்கள்.

சனிக்கிழமை: மாலாம்

ஸ்கிப்டனுக்கு வடமேற்கே 11 மைல். பஸ் உண்டு, ஆனால் ஒரு நாளில் ஓடுவதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். போகும்முன் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கைபேசியில் இருக்கிறதே என்று நான் இருந்தேன். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை, கடைசி பஸ் போய்விட்டது, டாக்ஸிக்குக் கொடுத்த காசில் இன்னொரு இரவு தங்கியிருக்கலாம். ஞாயிறுகளில் 'டேல்ஸ்பஸ்' என்ற பெயரில் கூடுதல் வண்டிகள் ஓடும், கோடையில் இன்னும் அதிகம்.

நடையை இந்த வரிசையில் வையுங்கள். கிராமத்திலிருந்து முதலில் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவி. ஓடையோரமாகச் சமதளப் பாதை. வழியில் விழுந்து கிடக்கும் மரத்தில் ஜனங்கள் காசுகளை அடித்து இறக்கியிருப்பார்கள், வேண்டுதல்தான். அங்கிருந்து கோர்டேல் ஸ்கார். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி வந்து, மூலையில் தண்ணீர் கொட்டும். அதன் வழியே மேலே ஏறுகிறவர்களும் உண்டு, நீங்கள் ஏறாதீர்கள். திரும்பி வந்து வயல் வழியே மாலாம் கோவ் உச்சிக்குப் போகும் பாதையைப் பிடியுங்கள். கடைசியில் கல் படிக்கட்டில் இறங்கிக் கிராமத்துக்கு வந்துவிடலாம். படிகள் ஏறக்குறைய 400. அதை ஏறுவதைவிட இறங்குவது நல்லதுதானே, அதற்காகத்தான் இந்த வரிசை. மொத்தம் ஐந்து மைல் சொச்சம், சாப்பாட்டோடு நான்கு மணி நேரம்.

கோவ் என்பது 80 மீட்டர் உயரத்தில், 300 மீட்டர் அகலத்தில் அரைவட்டமாக வளைந்த வெள்ளைப் பாறைச் சுவர். பனியுகம் முடிந்து உருகிய தண்ணீர் இதன் மேலிருந்து அருவியாகக் கொட்டிச் செதுக்கியது. இப்போது மேலே ஆறு இல்லை; சுண்ணாம்புப் பாறையின் பொந்துகள் தண்ணீரை உறிஞ்சிவிடுகின்றன. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் மழையில் மட்டும் மறுபடி சில மணி நேரம் அருவி கொட்டியது. உயிரோடிருந்த யாரும் அதுவரை பார்த்திராத காட்சி.

உச்சியில் இருப்பது சுண்ணாம்புத் தளம். யாரோ பெரிய கற்பாளங்களைப் பதித்து, நடுவில் இடைவெளி விட்டது போல இருக்கும். மழைநீரின் அமிலம் ஆயிரக்கணக்கான வருடங்களாக அரித்த வெடிப்புகள் அவை. உள்ளே குனிந்து பார்த்தால் வெளியே வெயிலும் ஆடும் விடாத செடிகள் ஒளிந்து வளர்கின்றன. ஈரமாக இருந்தால் கல் சோப்பு மாதிரி வழுக்கும். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இதில் நடக்க வேண்டாம்.

கிராமத்துக்கு மேலே மாலாம் டார்ன் என்ற ஏரியிலிருந்து வரும் ஓடை தரைக்குள் காணாமல் போகிறது. கோவின் அடியில் வெளிவரும் ஓடைதான் அது என்று எல்லோரும் நினைப்பார்கள். சாயம் கலந்து பார்த்தபோது அது வேறு தண்ணீர் என்று தெரிந்தது. ஏரித் தண்ணீர் கிராமத்துக்குத் தெற்கே ஏர் ஹெட் ஊற்றில்தான் வருகிறது. ரயிலில் வரும்போது பார்த்த ஏர் ஆறு அங்கே, ஒரு மேய்ச்சல் நிலத்தின் நடுவில், சத்தமில்லாமல் கொப்பளிக்கிறது.

ஞாயிறு: நீராவி ரயிலும் போல்டன் ஆபியும்

ஸ்கிப்டனிலிருந்து எம்ப்சே கிராமம் இரண்டு மைல். பஸ்ஸிலோ நடந்தோ போனால், 1888இல் கட்டிய குட்டி ஸ்டேஷனிலிருந்து தன்னார்வலர்கள் ஓட்டும் நீராவி ரயில் நான்கு மைல் தூரம் போல்டன் ஆபி ஸ்டேஷனுக்குப் போகும். எல்லா நாளும் ஓடாது. ஞாயிறு நம்பகமான நாள் என்றாலும் கால அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். இறங்கியதும் மடாலயத்துக்கு ஒன்றரை மைல் நடை. காரில் வந்தால் நிறுத்தத்துக்கு நன்றாகவே கறந்துவிடுவார்கள் என்பதும் ரயிலுக்கு ஒரு காரணம்.

1154இல் அகஸ்டீனியத் துறவிகள் வார்ஃப் ஆற்றங்கரைக்கு வந்து கட்டிய மடம் இது. 1520இல் மேற்குக் கோபுரம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது முடிவதற்குள் எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் கலைத்துவிட்டார். இங்கே பூட்டு விழுந்தது 1539இல். பாதி இடிந்த கூரையில்லாத வளைவுகள் ஒரு பக்கம். மறு பக்கம், ஊர்மக்கள் கும்பிட என்று விட்டுவைத்த பகுதியில் இன்றும் ஞாயிறு பூசை நடக்கிறது. ட்ரூமனை இங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

மடத்துக்கு எதிரே ஆற்றைக் கடக்க ஏறக்குறைய அறுபது கற்கள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். நடுவில் சில கற்கள் சாய்ந்திருக்கும், எதிரில் வருகிறவருக்கு வழிவிட இடமிருக்காது, கரையில் நிற்கிற கூட்டம் நீங்கள் எப்போது விழுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பாலமும் உண்டு. தண்ணீர் கல்லைத் தொட்டுக்கொண்டு ஓடினால் பாலத்தில் போங்கள்.

ஆற்றோரமாக மேல்பக்கம் நடந்தால் ஸ்ட்ரிட். அகலமாகச் சோம்பி ஓடிவந்த வார்ஃப், இங்கே இரண்டே மீட்டர் அளவுள்ள பாறைப் பிளவுக்குள் பக்கவாட்டில் திரும்பிக்கொண்ட மாதிரி நுழைகிறது. பார்த்தால் தாண்டிவிடலாம் என்று தோன்றும். தோன்றுவதுதான் ஆபத்து. பாறை பாசி பிடித்தது, அடியில் குடைந்த பள்ளங்கள், விழுந்தவர்கள் பிழைப்பது அரிது. ஸ்கிப்டன் கோட்டையை முதலில் கட்டிய டி ரோமில் குடும்பத்துப் பையன் ஒருவன் வேட்டை நாயைக் கயிற்றில் பிடித்தபடி தாண்டினான், நாய் பின்வாங்கியது, பையன் உள்ளே போய்விட்டான், தாய் அந்தத் துக்கத்தில் மடத்துக்கு நிலம் கொடுத்தாள் என்பது ஊர்க் கதை. நம்மூரில் ஒகேனக்கல்லில் கேட்கிற எச்சரிக்கையை இங்கேயும் கேளுங்கள்: பாறை விளிம்பில் நின்று படம் வேண்டாம்.

கால் ஒத்துழைத்தால் இன்னும் மேலே பார்டன் கோபுரம். இடையப் பிரபு ஸ்கிப்டன் கோட்டையைவிட இந்தத் தனி இடத்தையே விரும்பி வாழ்ந்தார், மடத்துத் துறவிகளோடு சேர்ந்து வானசாஸ்திரம் படித்தார் என்பார்கள். பின்னால் இதைப் பழுது பார்த்ததும் லேடி ஆன்தான்.

திங்கள்: ரிப்பிள்ஹெட்

ஸ்கிப்டனிலிருந்து செட்டில்–கார்லைல் தடத்தில் முக்கால் மணி நேரம், சற்று முன்பின். வண்டிகளுக்கு நடுவே பெரும்பாலும் இரண்டு மணி நேர இடைவெளி. இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்ப அளவெடுத்த நேரம். பாலம் 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம், 24 வளைவு. 1870களில் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு இந்தச் சேற்று நிலத்தில் குடிசை போட்டு வேலை செய்தார்கள். விபத்திலும் அம்மையிலும் இறந்தவர்களில் சுமார் 200 பேர் பக்கத்துச் சாப்பல்-லெ-டேல் தேவாலயத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பாலத்தைப் படமெடுக்கிற கூட்டத்தில் அங்கே போகிறவர்கள் குறைவு.

1980களில் பாலம் பழுதாகிவிட்டது, செலவு அதிகம் என்று தடத்தையே மூடப் பார்த்தார்கள். எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. ஒரு மனுவில் ரஸ்வார்ப் என்ற நாயின் கால் தடமும் இருந்தது. டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த நாய் என்பதால் அதையும் செல்லும் என்று எடுத்துக்கொண்டார்கள். 1989இல் தடம் பிழைத்தது. நாய்க்கு கார்ஸ்டேல் ஸ்டேஷனில் சிலை இருக்கிறது.

காற்று இங்கே சும்மா அடிக்காது. குடை கொண்டுபோகாதீர்கள், தலைமூடியுள்ள மழைக்கோட்டுதான். குடையோடு போனவன் கம்பியோடு திரும்புவான்.

கிளம்பும் வழியில்

ஹாவொர்த்தில் பிராண்டே சகோதரிகள் வாழ்ந்த வீட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் ரயிலில் கீத்லி போய் மாறிக்கொள்ளலாம். அவர்களின் நாவல்களைப் படித்தவர்களுக்கு அது தனியாக ஒரு முழு நாள், படிக்காதவர்களுக்கு ஒரு மேட்டுத் தெரு. அதனால் நான் இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை.

கையில் பெட்டி பாரமில்லை என்றால் லீட்ஸ் போகும் வண்டியில் சால்ட்டேரில் இறங்குங்கள். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி முதலாளி 1853இல் திறந்த ராட்சத ஆலையும், தொழிலாளருக்காகக் கட்டிய தெருக்களும் 2001 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய இடம். ஊருக்குள் மதுக்கடை வைக்க அவர் விடவில்லை. ஆலைக்குள் இப்போது டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள், இலவசம். பார்த்து முடித்து ஆலைக்குப் பின்பக்கம் இறங்கினால் கால்வாய், அதைத் தாண்டினால் பூங்காவுக்குப் போகும் சின்னப் பாலம். பாலத்தின் கீழே பழுப்பாக, அகலமாக ஓடுவது ஏர். மாலாமில் மேய்ச்சல் நிலத்தில் நீங்கள் தாண்டிக் குதித்த அதே ஆறு.